மூச்சுக்கு முட்டுக்கொடுத்த காற்று

1836ஆம் ஆண்டிலே இலண்டன் மாநகரில் மாதமொரு பகுதியாக நகைச்சுவைக் கதையொன்று வெளிவரத் தொடங்கிற்று. சார்ள்ஸ் டிக்கின்ஸ் என்னும் இளம் எழுத்தாளர் படைத்த 'பிக்விக் கழகத்தாரின் ஏடுகள்' என்பதே அது. அக்கதையில் யோ என்றொரு பையன் வருகிறான். பருத்த உடலும் சிவந்த முகமும் உடையவன். செல்வர் ஒருவர் வீட்டு ஏவலாள். உண்பதும் உறங்குவதுமே அவனுக்குத் தொழில். வண்டியில் அமர்ந்தால் உறங்குவான். ஏவிய வேலைக்குப் போகும்போதும் உறங்குவான். உணவு பரிமாறி நிற்கும்போதே குறட்டை விடுவான். அவனை எழுப்புவதற்கு வீட்டார் படும் பாட்டைப் படித்தோர் வயிறு குலுங்கச் சிரித்தனர். அப்பையன் நோயாளி என்று அன்று ஒருவரும் எண்ணினாரல்லர்.

உறக்கம் மிகுந்தோரைக் கண்டு நகைப்பது எல்லா நாட்டாருக்கும் பொது. தமிழ் மக்களிடையிலும் அத்தகையோனுக்குக் கும்பகருணன் என்னும் பட்டம் எளிதிற் கிடைத்துவிடும். பெரியவர் ஒருவர் கூட்டத்தில் அயர்ந்தால் நகைப்பு அத்துடன் நின்றுவிடும். மாணவன் ஒருவன் வகுப்பில் அயர்ந்தாலோ, மந்தன், சோம்பேறி என்ற பெயர்கள் அவனைச் சூழ்ந்துகொள்ளும். பிரம்பும் அவற்றோடு சேர்ந்துகொண்ட காலம் ஒன்றிருந்தது. இத்தகைய பிள்ளைகளைக் குறித்து 1889ஆம் ஆண்டிலேயே வில்லியம் ஹில் என்னும் ஆங்கில வைத்தியர் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதினார். வாயால் மூச்சு விடுபவனும், இரவிற் குறட்டை விட்டுப் புரள்பவனும், தலைவலியோடு பள்ளிக்கு வருபவனுமாகிய மந்த மாணவனைத் தண்டிக்குமுன் அவனுடைய மூக்கையும் தொண்டையையும் பார்க்க வேண்டும் என்பது அவர் கருத்து. ஆசிரியர்களின் மேசைக்கு அக்கட்டுரை வந்து சேர்ந்ததாகத் தெரியவில்லை.

இதன் பின் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழிந்தன. 1956ஆம் ஆண்டில் பொஸ்ரன் நகரைச் சேர்ந்த பேர்வெல் என்னும் வைத்தியரும் அவருடைய தோழர்களும் ஒரு நோயாளியின் வரலாற்றை வெளியிட்டனர். அவர் ஐம்பது வயது கடந்த வணிக அதிகாரி. நிறை 260 இறாத்தலுக்கு மேல். அவரை வைத்தியசாலைக்கு அனுப்பியது ஒரு சீட்டாட்டம். போக்கர் என்னும் ஆட்டத்தில், வெற்றி கிடைப்பது பெரும்பாலும் உறுதி என்று சொல்லத்தக்க சீட்டுக்கள் அவர் கைக்கு வந்திருந்தன. சீட்டுக்களைக் கையிற் பிடித்தவாறே அவர் உறங்கிப்போனார், பந்தயம் கைநழுவிற்று. டிக்கின்சின் பையனை நினைவுகூர்ந்து இந்நோய்க்குப் 'பிக்விக் நோய்' எனப் பேர்வெல் பெயரிட்டார். பெயர் நிலைத்தது, காரணங் கூறியதிலோ அவர் தவறினார். உடற்பருமனால் மூச்சுக் குறைந்து, குருதியிலே காபனீரொட்சைட்டு மிகுந்து, அது மூளையை மயக்குவதாலேயே பகலில் உறக்கம் வருகிறதென்று அவர் கொண்டார். நோயாளி விழித்திருக்கும்போது மட்டும் அவரைச் சோதித்தால் அவ்வாறுதான் தோன்றும். அவர் உறங்கும்போது என்ன நிகழ்கிறதென்று எவரும் இரவு முழுதும் இருந்து பார்க்கவில்லை.

அவ்வாறு பார்த்தவர்கள் ஐரோப்பியர்கள். 1965ஆம் ஆண்டிலே பிரான்சு நாட்டு மார்செய் நகரில் ஹென்றி கஸ்ரோவும் அவர் குழுவினரும், ஜேர்மனியில் யுங், கூலோ என்னும் இருவரும், பிக்விக் நோயாளிகளின் மூளை மின்னோட்டத்தையும் மூச்சையும் இரவு முழுதும் ஒருங்கே பதிவு செய்தனர். பதிவுத் தாளிற் கண்டது வியப்பளித்தது. உறங்கத் தொடங்கிய நோயாளியின் மூச்சு நின்றுவிடுகிறது. நெஞ்சு ஏறி இறங்குகிறது, வயிறு முயல்கிறது, காற்று மட்டும் உள்ளே செல்லவில்லை. குருதியில் ஒட்சிசன் குறைந்துகொண்டே போகிறது. பின்பு மூளை திடுக்கிட்டுச் சற்றே விழிக்கிறது. பெருங் குறட்டையோடு மூச்சுத் திரும்புகிறது. உடனே மறுபடியும் உறக்கம், மறுபடியும் அடைப்பு. ஓர் இரவில் நூற்றுக்கணக்கான தடவை இவ்வாறு நிகழ்கிறது. காலையில் அந்நோயாளிக்கு இதில் ஒன்றும் நினைவிருப்பதில்லை. எட்டு மணி நேரம் படுத்திருந்தும் உறங்காதவர் அவர். யோ என்னும் பையனுடைய பகலுறக்கத்தின் பொருள் அப்பொழுதுதான் விளங்கிற்று.

அடைப்பு நிகழுமிடம் தொண்டை. மூக்குக்குப் பின்னும் நாவுக்குப் பின்னும் உள்ள அவ்வழிக்கு எலும்பாலான சுவர் இல்லை. தசைகளே அதனைத் திறந்து வைத்திருக்கின்றன. உறக்கத்தில் அவை தளர்கின்றன. இயல்பிலேயே ஒடுங்கிய தொண்டை உடையவருக்கு, மூச்சை உள்ளிழுக்கும் விசையே அச்சுவர்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து விடுகிறது. நனைந்த கடதாசிக் குழலால் இளநீரை உறிஞ்சும்போது குழல் ஒட்டிக்கொள்வதை யாவரும் கண்டிருப்பர்; வலிந்து உறிஞ்ச உறிஞ்ச ஒட்டுதலும் வலுக்கும். இவ்வுவமையை நேயர்கள் நினைவில் வைத்திருப்பது நன்று. பின்னாளிற் கண்ட சிகிச்சையின் சூட்சுமம் இதில்தான் அடங்கியிருக்கிறது.

அடைப்பு தொண்டையில் என்றால் தொண்டையைக் கடந்துவிட வேண்டும் என்று சத்திர வைத்தியர்கள் எண்ணியது இயல்பே. கழுத்தின் முன்புறத்தில் வாதனாளியைத் துளைத்து ஒரு குழலைப் பொருத்தினால், காற்று தொண்டைக்குச் செல்லாமலே நுரையீரலை அடையும். கூலோவும் தோழர்களும் 1969ஆம் ஆண்டில் இதனைச் செய்து காட்டினர். இத்தாலியிலே பொலோஞா நகரில் லுகரேசியின் குழுவினரும் இவ்வழியே சென்றனர். பயன் உடனே தெரிந்தது. ஆண்டுக்கணக்காக அயர்ந்து கிடந்தவர்கள் ஓரிரு நாளில் புத்துயிர் பெற்றவர் போல் எழுந்தனர். ஏறியிருந்த குருதியமுக்கம் சிலருக்கு இறங்கிற்று. 1972ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்ரான்ஃபோட் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற கில்மினோ என்னும் பிரெஞ்சு வைத்தியர், பருமனில்லாதவர்க்கும் இந்நோய் உண்டென்பதை எடுத்துரைத்தார். நோயின் இன்றைய பெயரும் வரையறையும் 1976ஆம் ஆண்டில் அவரும் தோழர்களும் எழுதிய கட்டுரையாற் பரவின.

ஆயினும் அந்தத் துளைக்கு விலை பெரிது. பகலில் அதனை மூடி வைத்தே பேசவேண்டும், இரவில் திறக்கவேண்டும். சளி அடைக்காமலும் கிருமி தொற்றாமலும் நாள்தோறும் துப்புரவு செய்யவேண்டும். குளத்திலோ கடலிலோ இறங்கிக் குளிக்க இயலாது. பிறர் கண்கள் எப்பொழுதும் கழுத்தையே நாடும். எனவே மரணத்தின் வாயிலில் நின்றவர்களே இச்சிகிச்சைக்கு உடன்பட்டனர். ஏனையோர் வண்டி ஓட்டும்போதும் இயந்திரத்தின் அருகிலும் உறங்கி விழுந்துகொண்டு வாழ்ந்தனர். உடம்பை மெலியச் செய்க என்னும் அறிவுரை அவர்களுக்குத் தாராளமாகக் கிடைத்தது.

இவ்விடத்தில் கதை வேறொரு திசையிலிருந்து வந்து சேர்கிறது. மனிதனின் மூச்சுக்கு இயந்திரத்தால் துணை செய்வது எப்படி என்பது பழைய வினா. 1928ஆம் ஆண்டிலே ஹாவாட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிலிப் டிறிங்கர், லூயி ஷோ என்னும் இருவர் இரும்புப் பெட்டியொன்றை அமைத்தனர். நோயாளி தலை மட்டும் வெளியே தெரிய அதனுட் படுத்திருப்பார். பெட்டியினுள் உள்ள காற்றை வெளியே இழுத்தால் அவர் நெஞ்சு விரியும். வெளிக்காற்று தானே உட்புகும். இளம்பிள்ளை வாதத்தால் மூச்சுத் தசைகள் செயலிழந்த எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி பொஸ்ரனில் முதன்முதல் அதனுள் வைக்கப்பட்டாள். காற்றை இழுப்பதற்கு டிறிங்கர் பயன்படுத்தியவை வீட்டில் தூசுறிஞ்சும் பொறிகளின் ஊதிகளே. இப்பெட்டி 'இரும்பு நுரையீரல்' எனப் பெயர் பெற்றது.

வெளியிலிருந்து நெஞ்சை இழுத்து விரிக்கும் முறை இது. இதற்கு மாறானது, காற்றை உள்ளே தள்ளும் முறை. 1952ஆம் ஆண்டில் தென்மார்க்கின் தலைநகரான கொப்பன்கேகனில் இளம்பிள்ளை வாதம் கொள்ளைநோயாக மூண்டது. பிளெக்டாம் வைத்தியசாலையில் மூச்சுத் தசைகளும் விழுங்கும் தசைகளும் பாதிக்கப்பட்டு முதலிற் சிகிச்சை பெற்ற 31 பேரில் 27 பேர் இறந்தனர். அங்கே இருந்தது ஒரேயொரு இரும்பு நுரையீரல். மயக்க மருந்து வைத்தியராகிய பியோர்ண் இப்சன் அழைக்கப்பட்டார். ஆகஸ்டு 27ஆந் தேதி, இறக்குந் தறுவாயில் இருந்த பன்னிரண்டு வயதுச் சிறுமியின் வாதனாளியில் குழல் பொருத்தி, றப்பர்ப் பையைக் கையால் அமுக்கிக் காற்றை உட்செலுத்தினார், அவள் பிழைத்தாள். இதன்பின் ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் நோயாளிகளின் அருகிலிருந்து கையாலேயே பையை அமுக்கினர். மின்சாரம் செய்யாததை மாணவர் கைகள் செய்த அந்த மாதங்களைப் போல் மருத்துவ வரலாற்றில் வேறொன்று காண்பது அரிது. இழுக்கும் முறையைவிடத் தள்ளும் முறை வலியது என்பது அங்கே நிலைநாட்டப்பட்டது. நெஞ்சை இழுத்து விரிக்கும் கருவிகளில் உறங்கும் நோயாளிகள் சிலருக்குத் தொண்டை ஒட்டிக்கொள்வதும் பிற்காலத்தில் அறியப்பட்டது. நனைந்த குழலின் உவமை இங்கும் பொருந்தும்.

தள்ளும் முறையில் வேறொரு கிளையும் உண்டு. மூச்சு விடும் வேலையை இயந்திரமே செய்துவிடாமல், நோயாளி தாமே மூச்சு விட, அவர் விடும் காற்றின் அமுக்கத்தை மட்டும் எப்பொழுதும் சற்றே உயர்த்தி வைப்பது. 1936ஆம் ஆண்டில் இலண்டனைச் சேர்ந்த பூல்டன் என்னும் வைத்தியர், இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்தவர்களுக்கு முகமூடி வழியாக இவ்வாறு காற்றூட்டினார். அவருக்கும் உதவியது தூசுறிஞ்சும் பொறியே. அம்முறை பின்பு மறக்கப்பட்டது. 1963ஆம் ஆண்டில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன், குறைமாதத்திற் பிறந்து, பிஞ்சு நுரையீரல் விரியாமல், இரண்டு நாட் கூட நிறையுமுன் இறந்தான். வல்லரசின் தலைவர் பிள்ளைக்கும் வைத்தியர்களிடம் அன்று வழியில்லை. எட்டாண்டு கழித்து, 1971இல், சன் பிரான்சிஸ்கோ நகரின் ஜோர்ஜ் கிரெகரியும் தோழர்களும் அதே நோயுடைய 20 குழந்தைகளுக்கு இடையறாத மேலமுக்கக் காற்றைக் கொடுத்து, அவர்களில் 16 பேர் உயிர் தப்பினர் என்று அறிவித்தனர்.

இத்தனையும் நிகழ்ந்த பின்னரும், குழந்தையின் நுரையீரலை விரித்து வைத்த அதே காற்று பெரியவரின் தொண்டையையும் விரித்து வைக்குமே என்னும் எண்ணம் எவருக்கும் எட்டவில்லை. எட்டியவர் அவுஸ்திரேலிய வைத்தியரான கொலின் சலிவன். 1970களின் பிற்பகுதியில் அவர் கனடாவின் ரொறன்ரோ நகரில் எலியட் பிலிப்சன் என்பவரோடு சேர்ந்து உறங்கும் நாய்களின் மூச்சை ஆராய்ந்தார். நாயின் முகவாய்க்குப் பொருந்தும் முகமூடி செய்து, அதன் வழியே காற்றைச் செலுத்தப் பழகியவர் அவர். சிட்னி நகருக்குத் திரும்பியபின் ரோயல் பிரின்ஸ் அல்பிரட் வைத்தியசாலையில் உறக்க மூச்சடைப்பு நோயாளிகளைப் பார்க்கலானார்.

1980ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், கழுத்தில் துளையிடும் சிகிச்சைக்கென வந்திருந்த கட்டடத் தொழிலாளி ஒருவர், அதற்கு முன் ஓரிரவு வேறொரு சோதனைக்கு உடன்பட்டார். காற்றை ஊதுவதற்கு இம்முறையும் தூசுறிஞ்சும் பொறியின் மோட்டாரே கிடைத்தது. உறிஞ்சும் பொறி ஊதும் பொறியாக மாறியது. மூக்கின் மேற் பொருந்திய மூடி விலகாதபடி பசையால் ஒட்டப்பட்டது. செலுத்தப்பட்டது சாதாரண அறைக்காற்று. ஒட்சிசன் உருளை எதுவும் இல்லை. நோயாளி உறங்கினார், குறட்டையும் அடைப்பும் எழுந்தன. சலிவன் அமுக்கத்தைச் சிறிது சிறிதாக ஏற்றினார். ஓரளவு வந்ததும் அடைப்பு நின்றது. மூச்சு சீராயிற்று. ஆண்டுக்கணக்காகப் பட்டினி கிடந்தவன் சோற்றைக் கண்டாற்போல் நோயாளி ஆழ்ந்த உறக்கத்துள் மூழ்கிவிட்டார். அமுக்கத்தை இறக்கினால் அடைப்புத் திரும்பிற்று, ஏற்றினால் மறைந்தது. ஏற்றியும் இறக்கியும் பார்த்தமையே இச்சோதனையின் உயிர். தற்செயலாக நேர்ந்த நலம் என்று பின்பு எவரும் சொல்ல இடமில்லாமற் போயிற்று.

1981ஆம் ஆண்டு ஏப்பிரலில் 'லான்செற்' என்னும் இலண்டன் மருத்துவ இதழில் ஐந்து நோயாளிகளின் விவரம் வெளிவந்தது. வேண்டியிருந்த அமுக்கம் நாலரை முதல் பத்துச் சென்ரிமீற்றர் உயர நீர் அழுத்தும் அளவே. அஃதாவது அரைச் சாண் நீரின் கனம். தொண்டைச் சுவர்கள் விழாதபடி உள்ளிருந்து முட்டுக்கொடுக்க இவ்வளவு காற்றுப் போதும். இச்சிகிச்சையின் நீண்ட ஆங்கிலப் பெயரை முதலெழுத்துக்களாற் சுருக்கிச் 'சீபாப்' என்று வைத்தியர்கள் வழங்கலாயினர்.

அதே 1981ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டிற்றொயிற் நகரைச் சேர்ந்த ஃபுஜித்தா என்னும் சத்திர வைத்தியர் உண்ணாக்கையும் மேலண்ணத்தின் மென்பகுதியையும் குறைத்துத் தைக்கும் சிகிச்சையை வெளியிட்டார். ஒரே முறை வெட்டினால் தீர்ந்தது. இரவுதோறும் மூடி அணிய வேண்டியதில்லை. மக்கள் மனம் கத்தியையே நாடியதில் வியப்பில்லை. பதினைந்து ஆண்டுகட்குப் பின், 1996இல், வெளியான ஆய்வுகளைத் திரட்டிக் கணக்கிட்டபோது நூற்றுக்கு ஏறத்தாழ 41 பேருக்கே அது போதிய பயன் தந்ததெனக் கண்டனர். இதனிடையே காற்றூதிகள் சிறுத்தன, இரைச்சல் தணிந்தது, ஒட்டுப் பசைக்குப் பதிலாக மென்மையான மூடிகளும் பட்டிகளும் வந்தன. 1980களின் நடுப்பகுதியிலிருந்து இக்கருவி கடைப்பொருளாயிற்று.

கடைப்பொருளானதும் போட்டி பிறந்தது. மூச்சை வெளிவிடும்போது எதிர்க்காற்று முகத்தில் அறைவது போலிருக்கிறதென்று பலர் முறையிட்டனர். 1990ஆம் ஆண்டில் பிற்ஸ்பேர்க் நகரின் சாண்டர்ஸ், கேர்ன் என்னும் இருவர் உள்ளிழுக்கும்போது மிகுந்தும் வெளிவிடும்போது தாழ்ந்தும் இருக்கும் ஈரமுக்கக் கருவியை அறிமுகப்படுத்தினர். 1993இல் சிட்னியைச் சேர்ந்த பேர்தன்-ஜோன்ஸ், அடைப்பின் அறிகுறியைத் தானே உணர்ந்து அமுக்கத்தைத் தானே ஏற்றி இறக்கும் கருவியைப் பற்றி எழுதினார். நோயாளி ஒருக்களித்துப் படுத்தால் குறைந்த காற்றுப் போதும். மல்லாந்து படுத்தால் மிகுதியாக வேண்டும். ஆதலால் இரவு முழுதும் ஒரே அமுக்கம் ஊதுவதைக் காட்டிலும் இது அறிவுடைய செயலாகத் தோன்றிற்று. விலை ஏறிய கருவி நலத்தையும் ஏற்றும் என்று வாங்குவோர் நம்பினர். விற்போர் அந்நம்பிக்கையைக் கெடுக்கவில்லை.

அந்த 1993ஆம் ஆண்டிலேயே, கருவிகளைப் பற்றியன்றி மனிதரைப் பற்றிய ஓர் உண்மையும் வெளிப்பட்டது. பிலடெல்பியா நகரிலே நான்சி கிறிப்ஸ் என்பவரும் குழுவினரும் 35 நோயாளிகளின் சீபாப் கருவிகளில் அவர்கள் அறியாதபடி நேரங்காட்டிகளைப் பொருத்தி வைத்தனர். வெறுமனே மின்விசை ஏற்றி வைத்திருந்த நேரத்தை ஒதுக்கி, மூடியை உண்மையில் அணிந்த நேரத்தையே அவை குறித்தன. ஓரிரவிற்குச் சராசரியாக ஆறு மணி நேரத்துக்கு மேல் அணிந்ததாக நோயாளிகள் கூறினர். நேரங்காட்டி காட்டியது ஐந்துக்கும் குறைவு. பத்து நாளில் ஏழு நாளாவது, நான்கு மணி நேரமாவது அணிந்தவர் 35 பேரில் 16 பேரே. இவர்கள் பொய்யரல்லர். மூடி உறுத்துகிறது, மூக்கு வறள்கிறது, துணைவரின் அருகே அக்கோலத்துடன் படுப்பதற்கு நாணமாயிருக்கிறது, நள்ளிரவில் அரைத்தூக்கத்திலே கை அதனைக் கழற்றி எறிந்துவிடுகிறது. வைத்தியர் முகத்தைப் பார்த்து அதனைச் சொல்ல எவருக்கு வாய் வரும்? அந்நாள் முதல் கருவிகளின் ஒப்பீட்டில் இரண்டு அளவுகோல்கள் வேண்டியனவாயின. அடைப்பை எவ்வளவு நீக்குகிறது என்பது ஒன்று; எத்தனை மணி நேரம் முகத்தில் நிற்கிறது என்பது மற்றது.

1997ஆம் ஆண்டில் பெரிய ஐயமொன்று எழுந்தது. இங்கிலாந்திலே ஜோன் ரைட் என்பவரும் தோழர்களும் அதுவரை வெளிவந்த ஆராய்ச்சிகளை எல்லாம் ஆராய்ந்து, சீபாப்பின் பயனுக்குக் காட்டப்படும் சான்று போதாதெனப் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதினர். உறக்க வைத்தியர்கள் சீறினர். ஆனால் குற்றச்சாட்டில் நியாயம் இருந்தது. புதுக் கருவி அணிந்தவர் நலமாயிற்று என்று சொல்வது, கருவியின் பயனாலோ கருவியின் மீதுள்ள நம்பிக்கையாலோ என்பதைப் பிரித்துக் காட்டியவர் அதுவரை மிகச் சிலரே. சீற்றத்தைவிட நல்ல மறுமொழி 1999ஆம் ஆண்டில் ஒக்ஸ்போட்டிலிருந்து வந்தது. ஜெங்கின்சனும் தோழர்களும் 107 ஆண்களைக் குடவோலை முறைபோல் இரு பிரிவாக்கினர். எல்லாருக்கும் ஒரே தோற்றமுள்ள கருவி. ஒரு பிரிவினரின் கருவி தக்க அமுக்கத்தில் ஊதிற்று. மறு பிரிவினரின் கருவி தொண்டைக்கு முட்டுக்கொடுக்க இயலாத மெல்லிய காற்றையே ஊதிற்று. மெல்பேர்ண் நகரின் மறே ஜோன்ஸ் 1991இல் அமைத்த வினாத்தாளால் பகலுறக்கம் அளக்கப்பட்டது. அதில் 24 என்பது உச்சப் புள்ளி. மெய்க்காற்றுப் பெற்றோரின் புள்ளி 15.5 இலிருந்து 7க்கு இறங்கிற்று. பொய்க்காற்றுப் பெற்றோரின் புள்ளியும் 15 இலிருந்து 13க்கு இறங்கவே செய்தது. அந்த இரண்டு புள்ளியே நம்பிக்கையின் பங்கு. மிகுதி காற்றின் பங்கு. ஐயப்பட்டவர்களுக்கே நோயாளிகள் நன்றி கூறவேண்டும். அவர்கள் கேளாதிருந்தால் இச்சோதனை இவ்வளவு விரைவில் நடந்திராது.

தானே மாறும் அமுக்கக் கருவியும் ஈரமுக்கக் கருவியும் இத்தகைய சோதனைக்கு உட்பட்டபோது கிடைத்த விடை விற்போருக்கு உவப்பாயிருந்திராது. 2019ஆம் ஆண்டில் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், தானே மாறும் கருவியை நோயாளிகள் ஓரிரவிற்கு ஏறத்தாழ 13 நிமிடம் கூடுதலாக அணிந்தனர் என்று கண்டனர். அறிவுடைய கருவியின் மிகுதி நலம் அந்தப் பதின்மூன்று நிமிடத்துக்கு மேல் அதிகமில்லை. ஈரமுக்கமோ, தொண்டை அடைப்பு மட்டுமே உள்ள பெரும்பாலோர்க்குச் சாதாரண சீபாப்பைக் காட்டிலும் கூடுதல் நன்மை தருவதாகக் காணப்படவில்லை. மிக உயர்ந்த அமுக்கத்தைத் தாங்க இயலாதோர்க்கும், மூச்சுப் போதாமல் காபனீரொட்சைட்டுத் தேங்குவோர்க்கும் அது உதவுகிறது.

காற்றே இல்லாத எதிரியொன்றும் களத்தில் இறங்கிற்று. பல்வரிசையிற் பொருத்திக் கீழ்த்தாடையை முன்தள்ளி வைக்கும் சிறு கருவி அது. 2013ஆம் ஆண்டில் சிட்னி ஆராய்ச்சியாளர்கள் 126 நோயாளிகளுக்கு அதனையும் சீபாப்பையும் மாறி மாறி ஒவ்வொரு மாதம் கொடுத்துப் பார்த்தனர். சீபாப் அணிந்தபோது மணிக்கு நான்கு ஐந்து அடைப்பே எஞ்சிற்று. தாடைக் கருவியோடு பதினொன்று எஞ்சிற்று. சீபாப்பின் வெற்றி ஐயத்துக்கு இடமற்றது. ஆனால் தாடைக் கருவியை ஆறரை மணி நேரம் அணிந்தவர்கள் சீபாப்பை ஐந்து மணிச் சொச்சமே அணிந்தனர். மாத முடிவில் குருதியமுக்கத்திலும் பகலுறக்கத்திலும் இரண்டிற்கும் வேறுபாடு காண்பது கடினமாயிருந்தது. வலிய மருந்து அலுமாரியிலும் மெலிய மருந்து வாயிலும் இருந்தால் என்னாகுமோ அதுவே ஆயிற்று.

மாரடைப்பையும் மூளைத்தாக்கையும் சீபாப் தடுக்குமா என்பது இன்னும் பெரிய வினா. ஏழு நாடுகளில் 2,717 பேரைச் சேர்த்து நடந்த சோதனையின் முடிவு 2016இல் வந்தது. ஏற்கெனவே இதய நோயோ மூளைக் குருதிக்குழாய் நோயோ உடையவர்கள் அவர்கள். பகலிற் கடுமையாக உறங்கி விழுவோர் அதிற் சேர்க்கப்படவில்லை. சீபாப் பெற்றோரில் நூற்றுக்கு 17.0 பேருக்கும், பெறாதோரில் 15.4 பேருக்கும் இதயத் தாக்கு முதலியன நேர்ந்தன. பயன் இல்லை என்றே கொள்ளவேண்டும். ஆனால் அவர்கள் கருவியை அணிந்தது சராசரி 3.3 மணி நேரம். இரவின் பாதிக்கு மேல் தொண்டை முட்டின்றியே கிடந்தது. நான்கு மணி நேரத்துக்கு மேல் அணிந்தோரிடையே மூளைத்தாக்குக் குறைவாகக் காணப்பட்டதெனினும், ஒழுங்காக அணிபவர் மற்றக் காரியங்களிலும் ஒழுங்குடையவராய் இருத்தல் கூடும். ஆதலின் அதனைத் தீர்ந்த சான்றாகக் கொள்ளலாகாது. பகலுறக்கமும் மனச்சோர்வும் குறைந்தது மட்டும் உறுதி.

இதற்கு ஓராண்டு முன் வந்த எச்சரிக்கை இன்னும் கடியது. தொண்டை அடைபடாமல், மூச்சு விடுமாறு மூளை ஏவாததால் மூச்சு நிற்கும் நோய் வேறொன்று உண்டு. இதயம் தளர்ந்தோரிடம் அது மிகுதி. ஒவ்வொரு மூச்சுக்கும் தன்னை மாற்றிக்கொள்ளும் மிக நுட்பமான கருவி அவர்களுக்கென அமைக்கப்பட்டது. 1,325 பேரிடையே நடந்த சோதனையின் முடிவு 2015இல் வெளியாயிற்று. கருவி மூச்சை அழகாகச் சீராக்கிற்று. இதய நோயால் இறந்தோரோ, கருவி பெற்றவரில் நூற்றுக்கு 29.9, பெறாதவரில் 24.0. இதயம் வலுவிழந்த அத்தகையோர்க்கு அதனை வழங்கலாகாதென்று உடனே அறிவிக்கப்பட்டது. பதிவுத் தாளில் தோன்றும் அழகு நோயாளியின் நலமாகாது என்பதை வைத்தியர்கள் பெருவிலை கொடுத்து அறிந்துகொண்டனர்.

பேர்வெல் பெயரிட்ட நோயாளிகளின் கதி என்னாயிற்று? பெரும் பருமனும், பகலிலும் காபனீரொட்சைட்டுத் தேக்கமும், இரவிற் கடும் அடைப்பும் ஒருங்கே உடையவர்களுக்குச் சீபாப் போதுமா, மூச்சை உந்திக் கொடுக்கும் ஈரமுக்கக் கருவி வேண்டுமா என்பது நெடுங்காலம் தீராத வழக்கு. இயந்திரம் தாமாகவே மூச்சுக்கும் துணை செய்வதால் பின்னதே சிறந்ததென்று பலர் கொண்டிருந்தனர். இசுப்பானிய வைத்தியர்கள் 215 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஐந்து ஆண்டுக்கு மேல் தொடர்ந்து பார்த்தனர். அவர்கள் அச்சோதனைக்கு இட்ட பெயர் 'பிக்விக்'. முடிவு 2019இல், சலிவனின் ஐந்து நோயாளிகளைப் பற்றிய செய்தி வந்த அதே லான்செற் இதழில் வெளிவந்தது. வைத்தியசாலையில் ஆண்டொன்றுக்குத் தங்கிய நாட்கள், சீபாப் பெற்றோருக்குச் சராசரி 1.63, ஈரமுக்கம் பெற்றோருக்கு 1.44. இவ்வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதன்று. விலை குறைந்ததும் பொருத்துவதற்கு எளியதும் சீபாப்பே. ஆதலின் இத்தகையோர்க்கு முதலில் அதனையே கொடுத்துப் பார்க்கலாம் என்று அவர்கள் எழுதினர்.